ஏடிபியின் பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வருமா? ஒரு மாணவியின் இரண்டு கேள்விகள்

செங்கொன்றை:

அனைவருக்கும் வணக்கம். நான் 11ஆம் வகுப்புக்குத் தாவரவியல் கற்பிக்கும் ஆசிரியை. சென்ற வாரம், செல்லுக்குள் ஆற்றலைக் கைமாற்றும் ஏடிபி (அடினோசின் ட்ரைபாஸ்பேட்; மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக உடைய மூலக்கூறு) பற்றி என் மாணவி ஒருத்தி கேட்ட இரண்டு கேள்விகளுக்கு என்னால் மனநிறைவோடு விடை சொல்ல இயலவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அன்று ஆய்வகத்தில் ஸ்டார்ச் சோதனை செய்துகொண்டிருந்தோம். இரண்டு நாள் இருட்டறையில் வைத்திருந்த செம்பருத்திச் செடியின் இலையொன்றை நடுவில் கறுப்புத் தாளால் மூடி, காலையிலிருந்து வெயிலில் வைத்து, மாலையில் பறித்து, கொதிநீரில் முக்கி எடுத்து, பிறகு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த ஆல்கஹாலில் பச்சையம் முழுவதும் இறங்கும்வரை விட்டு வைத்தோம். வெளிறிப்போன இலையின்மேல் அயோடின் கரைசலை விட்டதும், வெயில் பட்ட பகுதி கருநீலமாகவும் தாள் மூடியிருந்த பட்டை பழுப்பாகவும் பிரிந்து நின்றன. மற்றவர்கள் அதைக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டிருக்க, அவள் மட்டும் எழுந்து நின்று கேட்டாள்.

முதல் கேள்வி இது: "எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் செலவிட வேண்டும், பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும் என்று வேதியியல் வகுப்பில் படித்தோம். ஏடிபியின் கடைசிப் பாஸ்பேட் பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவருகிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள். இரண்டில் எது சரி, டீச்சர்?"

இரண்டாவது: "ஒளிச்சேர்க்கையின் ஒளி வினையிலேயே இலைக்கு ஏடிபி கிடைத்துவிடுகிறது. அதைச் செலவழித்துச் சர்க்கரை செய்து, ஸ்டார்ச்சாக்கி வைத்து, பிறகு அதையே உடைத்து மறுபடியும் ஏடிபி எடுப்பது எதற்காக? நடுவில் வீணாகாதா?"

பதினேழு ஆண்டுகளாக, அமுக்கி வைத்த சுருள்வில்லைப் போல அந்தப் பிணைப்புக்குள் ஆற்றல் அடங்கியிருக்கிறது என்றே சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். அவள் கேட்டபோதுதான் அந்த விளக்கம் எனக்கே நிற்கவில்லை என்பது தெரிந்தது. மாணவர்களிடம் எளிமையாகச் சொல்ல வேண்டும், ஆனால் பொய்யாகச் சொல்லக் கூடாது என்பதே என் விருப்பம்.


கரிசல்மண்:

அம்மா, வணக்கம். தங்கள் மாணவி கேட்டது மிகச் சரியான கேள்வி. அவளுடைய வேதியியல் வகுப்பில் சொன்னதும் சரியே. நான் கல்லூரியில் இயற்பிய வேதியியல் கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவர்களிடம் இதே முரண்பாட்டைத்தான் முதலில் களைய வேண்டியிருக்கிறது.

தொடங்குமுன் சொல் பற்றி ஒன்று. மூன்று பாஸ்பேட் உடையதையும் இரண்டு பாஸ்பேட் உடையதையும் தமிழில் சுருக்கி எழுதினால் இரண்டுமே "ஏடிபி" என்றுதான் வரும். மாணவர்களின் குழப்பத்தில் பாதி இங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆகையால் மூன்று உடையதை மட்டும் ஏடிபி என்றும், இரண்டு உடையதை இருபாஸ்பேட் என்றும் எழுதுகிறேன்.

ஏடிபியின் கடைசிப் பாஸ்பேட்டைப் பிரிக்க ஆற்றல் தேவைப்படுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது தனியே பிரிந்து வெற்றிடத்தில் போய் நிற்பதில்லை. ஒரு நீர் மூலக்கூறு வினையில் சேர்கிறது; அதிலும் ஒரு பிணைப்பு உடைகிறது; அவற்றுக்கு ஈடாகப் புதிய பிணைப்புகள் உருவாகின்றன; விளைபொருள்களைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் புதிதாக அணிவகுக்கின்றன. இந்த வரவுசெலவு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிச்சம் வெளிவருகிறது. ஏடிபியின் பாஸ்பேட் வாலில் ஏறக்குறைய நான்கு எதிர்மின் சுமைகள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கின்றன. பிரிந்தபின் அந்த நெருக்கடி தணிகிறது. பிரிந்துபோன பாஸ்பேட், தன் மின்சுமையை நான்கு ஆக்சிஜன்களுக்கும் பரப்பிக்கொண்டு முன்னைவிட நிலையாக இருக்கிறது. நீரும் அவற்றை இன்னும் நன்றாகச் சூழ்ந்துகொள்கிறது. ஒப்பிடுவதற்கென வகுத்த திட்ட நிலையில் இந்த மிச்சம் ஒரு மோலுக்கு 30.5 கிலோஜூல் என்று அளந்திருக்கிறார்கள்.

இதோடு நிறுத்திவிட்டால் பாதி விடைதான் சொன்னதாகும். ஒரு சோதனைக்குழாயில் ஏடிபியைக் கரைத்து, அதை நீராற்பகுக்கும் நொதியையும் இட்டு, வினை தானாக நிற்கும்வரை விட்டுவிடுவோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமநிலை வந்தபின் குழாயில் பெரும்பாலும் இருபாஸ்பேட்டும் பாஸ்பேட்டும் இருக்கும். மிகச் சிறிதளவு ஏடிபியும் மீந்திருக்கும். மீந்திருக்கும் அந்த ஏடிபியின் பிணைப்பு, உயிருள்ள செல்லில் உள்ள ஏடிபியின் பிணைப்பேதான். அணுவுக்கு அணு வேறுபாடு கிடையாது. ஆனால் அதைக் கொண்டு எள்ளளவு வேலையும் வாங்க முடியாது. ஆற்றல் பிணைப்புக்குள் பூட்டப்பட்டிருக்குமானால் இப்படி நேராது அல்லவா?

செல்லுக்குள் நிலைமை வேறு. ஏடிபி 5 மில்லிமோலார், இருபாஸ்பேட் அதில் பத்தில் ஒரு பங்கு, பாஸ்பேட் 5 மில்லிமோலார் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்த்தால், செல் இந்த வினையைச் சமநிலையிலிருந்து நாற்பது கோடி மடங்குக்கும் மேலாக விலக்கி வைத்திருக்கிறது என்பது தெரியும். அந்த விலக்கம்தான் கட்டிலா ஆற்றலை, அதாவது வேலை வாங்கக்கூடிய ஆற்றலை, 30.5 கிலோஜூலிலிருந்து ஏறத்தாழ 50 கிலோஜூலுக்கு உயர்த்துகிறது. மேட்டூர் அணையில் 120 அடி நீர் நிற்கும்போது சுழலி சுற்றுகிறது. அதே நீர், அணைக்கு இருபுறமும் ஒரே மட்டத்தில் நின்றால் சுற்றாது. நீர் மாறவில்லை, மட்ட வேறுபாடுதான் மாறியிருக்கிறது. ஏடிபியை நீராகவும், செல் இடைவிடாமல் காத்துவரும் அந்த விகிதத்தை மட்ட வேறுபாடாகவும் மாணவர்களுக்குக் காட்டலாம்.

"உயர் ஆற்றல் பிணைப்பு" என்ற வழக்கு 1941இல் ஃபிரிட்ஸ் லிப்மன் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அவர் அதை ஓர் அலைக்கோட்டால் குறித்தார். நொதிகளின் வேலையை ஒரே பார்வையில் புரியவைத்த குறியீடு அது. லிப்மனின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பிணைப்பு என்ற சொல் அவர் கருதாத பொருளில் பள்ளிக்கூடங்களுக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

இன்னும் ஒன்று. ஏடிபி வெறுமனே நீராற்பகுப்பு அடைந்தால் வெப்பம்தான் மிஞ்சும், வேலை நடக்காது. குளுக்கோஸ் செல்லுக்குள் வந்ததும் ஹெக்சோகைனேஸ் நொதி செய்வதைப் பாருங்கள். குளுக்கோஸுடன் பாஸ்பேட்டை நேரே சேர்ப்பது மேட்டில் ஏறும் வேலை. அதற்கு ஒரு மோலுக்கு 13.8 கிலோஜூல் வேண்டும். நொதி, ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை நீருக்குக் கொடுக்காமல் நேரடியாகக் குளுக்கோஸின் கைக்கு மாற்றிவிடுகிறது. இரண்டும் ஒரே வினையாகிவிடுவதால் மொத்தத்தில் அது 16.7 கிலோஜூல் இறக்கமாக முடிகிறது.


நுண்ணோக்கி:

மேலே எழுதிய ஐயா சொன்ன மட்ட வேறுபாட்டைச் செல் எப்படி உண்டாக்குகிறது என்பதை நான் தொடர்கிறேன். உயிர்வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இது.

1950களில் பலரும், உணவு எரியும்போது ஏதோ ஓர் உயர் ஆற்றல் இடைநிலைப் பொருள் உருவாகி அதிலிருந்து ஏடிபி வருகிறது என்று நம்பி, அந்தப் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அது அகப்படவே இல்லை. 1961இல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர், அப்படியொரு பொருளே இல்லை, சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் செறிவின் வேறுபாடும் மின்னழுத்த வேறுபாடுமே அந்த இடைநிலை என்று எழுதினார். அதை ஏற்பதற்குத் துறையினர் நெடுங்காலம் தயங்கினார்கள்.

தயக்கத்தைப் பெரிதும் அசைத்த சோதனை ஒன்றை எந்தப் பள்ளியிலும் சொல்லலாம். 1966இல் ஜாகெண்டார்ஃப், உரிபே ஆகிய இருவரும் ஸ்பினாச் கீரையின் பசுங்கணிகங்களிலிருந்து, ஒளி வினை நடக்கும் தைலகாய்டு சவ்வுகளைப் பிரித்தெடுத்து, முழு இருட்டில், பிஹெச் 4 உள்ள அமிலக் கரைசலில் ஊறவைத்தார்கள். உட்புறமும் அமிலமாகும்வரை காத்திருந்துவிட்டு, சட்டென்று பிஹெச் 8 உள்ள கரைசலுக்கு மாற்றி, இருபாஸ்பேட்டையும் பாஸ்பேட்டையும் சேர்த்தார்கள். உள்ளே புளிப்பு, வெளியே காரம். புரோட்டான் செறிவில் பத்தாயிரம் மடங்கு வேறுபாடு. ஒரு துளி வெளிச்சமும் இல்லாமல் ஏடிபி உருவானது. அதாவது, ஏடிபி செய்வதைப் பொறுத்தவரை, பச்சையத்தின் மேல் ஒளி படுவது புரோட்டான்களை ஒருபுறம் குவிப்பதற்குத்தான்; குவிந்துவிட்டால் பிறகு ஒளியே தேவையில்லை.

1974இல் ராக்கர், ஸ்டோக்கேனியஸ் இருவரும் இன்னும் துணிவான ஒன்றைச் செய்தார்கள். உப்பு நீர்நிலைகளில் வாழும் நுண்ணுயிரிலிருந்து, ஒளி பட்டால் புரோட்டானைத் தள்ளும் ஊதா நிறப் புரதத்தையும், மாட்டின் இதயச் செல்களில் உணவை எரித்து ஏடிபி தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ஏடிபி செய்யும் நொதியையும் எடுத்து ஒரே கொழுப்புக் குமிழியின் சவ்வில் பொருத்தினார்கள். விளக்கைப் போட்டதும் ஏடிபி வந்தது. இயற்கையில் ஒருபோதும் சந்தித்திராத இரண்டு புரதங்கள் எதன் வழியே பேசிக்கொண்டன? புரோட்டான்கள் வழியேதான். 1978இல் மிட்செலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் இந்த மின்னழுத்த வேறுபாடு ஏறத்தாழ 150 மில்லிவோல்ட். எண் சிறியதாகத் தோன்றும். ஆனால் சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர் அளவுதான் என்பதால், அதை ஒரு மீட்டருக்கு நீட்டிப் பார்த்தால் மூன்று கோடி வோல்ட் ஆகிறது. நீங்கள் இதைப் படிக்கும் இந்தக் கணத்தில் உங்கள் உடலின் ஒவ்வொரு மைட்டோகாண்ட்ரியாவும் அந்த மின்புலத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

மாணவியின் முதல் கேள்விக்கு இன்னும் அழகான விடை, அந்த ஏடிபி நொதிக்குள்ளேயே இருக்கிறது. புரோட்டான்கள் இறங்கும்போது நொதியின் அடிப்பகுதியில் உள்ள வளையமும் அதனோடு இணைந்த அச்சும் உண்மையாகவே சுழல்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் அச்சின் நுனியில் ஒளிரும் புரத இழையொன்றை ஒட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியின் கீழ் நேரில் பார்த்தார்கள். அச்சு ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்று ஏடிபி. இதில் வியப்பு என்னவென்றால், நொதியின் பள்ளத்துக்குள் இருபாஸ்பேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்து ஏடிபி ஆவதற்கு ஆற்றல் ஏறக்குறையத் தேவையே இல்லை. அங்கே இரண்டு நிலைகளும் சமநிலையில் இருக்கின்றன. உருவான ஏடிபியை நொதி இறுகப் பற்றிக்கொள்கிறது, விடுவதில்லை. சுழலும் அச்சு அந்தப் பள்ளத்தை நெகிழ்த்தி ஏடிபியை வெளியே தள்ளுகிறது. ஆற்றல் பெரும்பாலும் செலவாவது அங்கேதான். இதைக் கண்டு சொன்ன பால் பாயரும், நொதியின் கட்டமைப்பைப் படிகத்தில் காட்டிய ஜான் வாக்கரும் 1997ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர்களில் இருவர். ஆற்றல் பிணைப்பு போடுவதற்குச் செலவாகவில்லை, செல்லெங்கும் ஏடிபி நிறைந்திருக்கும்போதே மேலும் ஒன்றை அதற்குள் விடுவிப்பதற்குச் செலவாகிறது. கரிசல்மண் ஐயா அணை என்று சொன்னது இதைத்தான்.

கூடவே ஒரு வேண்டுகோள்: ஒரு குளுக்கோஸிலிருந்து 38 ஏடிபி என்று பழைய நூல்களில் இருப்பதை இனிச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். உணவிலிருந்து எலக்ட்ரான்களைச் சுமந்து வரும் என்ஏடிஹெச் ஒன்று, அவற்றை மைட்டோகாண்ட்ரியா உட்சவ்வின் எலக்ட்ரான் சங்கிலியில் இறக்கும்போது 10 புரோட்டான்கள் தள்ளப்படுகின்றன, ஓர் ஏடிபியைச் செய்து வெளியே அனுப்ப ஏறக்குறைய 4 செலவாகின்றன, ஆக 2.5 தான் கிடைக்கிறது, முழுதாக 3 அன்று. அப்படிக் கணக்கிட்டால் மொத்தம் 30 முதல் 32 வரைதான் வரும்.


செங்கொன்றை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இருட்டில் ஏடிபி உருவான சோதனையை இன்று வகுப்பில் சொன்னேன். அந்த மாணவி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால்கூட நடக்குமா?" என்று கேட்டாள். பிஹெச் சரியாக இருந்து, அமிலம் சவ்வைக் கடந்து உள்ளே போகக்கூடியதாகவும் இருந்தால் நடக்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

அவளுடைய இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. தாவர உடலியல் தெரிந்தவர்கள் யாரேனும் எழுத வேண்டுகிறேன்.


வைகறை:

நான் வேளாண் ஆராய்ச்சியில் இருக்கிறேன். விதை, கிழங்கு இவற்றின் சேமிப்பைப் பற்றித்தான் என் வேலை முழுவதும் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது.

முதலில் எடையைப் பார்ப்போம். ஒருவர் ஒரு நாளைக்கு 2,000 கிலோகலோரி செலவிடுகிறார் என்றால், அது ஏறக்குறைய 3 மோல் குளுக்கோஸை எரிப்பதற்குச் சமம். அதாவது 540 கிராம். ஒரு மோலுக்கு 30 ஏடிபி என்று வைத்தால் 90 மோல் ஏடிபி. ஒரு மோல் ஏடிபியின் எடை 507 கிராம். பெருக்கிப் பாருங்கள்: 45 கிலோவுக்கும் மேல். ஒரு நாள் செலவுக்கான ஏடிபியை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்வதாக இருந்தால், ஏறக்குறைய இன்னோர் ஆளை முதுகில் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். உண்மையில் நம் உடலில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏடிபி சில நூறு கிராமைத் தாண்டாது. அந்தச் சிறு கையிருப்பையே ஒவ்வொரு மூலக்கூறும் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை செலவாகி மீண்டும் நிரம்புமாறு சுழற்றிக்கொண்டிருக்கிறோம். ஒரு கிராம் குளுக்கோஸ், ஏறக்குறைய 84 கிராம் ஏடிபியை மீண்டும் நிரப்பிக் கொடுத்துவிடுகிறது. எதைச் சேமிப்பது என்ற கேள்விக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

எடை மட்டும் காரணமன்று. கரிசல்மண் அவர்கள் சொன்னபடி, ஏடிபியின் வலிமை அதன் அளவில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது. அது கைமாறிக்கொண்டே இருக்க வேண்டிய பொருள்; களஞ்சியத்தில் போட்டுப் பூட்டி வைப்பதற்கானது அன்று. செல்லுக்குச் செல் ஏடிபியை அனுப்பி ஆற்றல் வழங்கும் ஏற்பாடு செடியிலும் இல்லை, நம் உடலிலும் இல்லை. ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. மண்ணுக்குள் இருக்கும் வேருக்கு வெயில் கிடையாது. அதற்கு இலை அனுப்பக்கூடியது சர்க்கரைதான். உணவைக் கடத்தும் திசுவான புளோயம் வழியே சுக்ரோஸாக இறங்கி வருவதை, வேர்ச்செல் தன் மைட்டோகாண்ட்ரியாவில் எரித்து ஏடிபி ஆக்கிக்கொள்கிறது. மேலும், சர்க்கரை விறகு மட்டுமன்று, செங்கல்லும் அதுவே. செல்சுவரின் செல்லுலோஸ் முழுவதும் குளுக்கோஸைக் கோத்துக் கட்டியது; ஏடிபியை எவ்வளவு வைத்திருந்தாலும் அதிலிருந்து ஒரு மரத்தைக் கட்டியெழுப்ப முடியாது.

சர்க்கரையைச் சர்க்கரையாகவே வைக்காமல் ஸ்டார்ச்சாகக் கோப்பது ஏன் என்றும் அவள் அடுத்துக் கேட்பாள். கரைந்திருக்கும் ஒவ்வொரு மூலக்கூறும் நீரைத் தன்பால் இழுக்கும். நம் கல்லீரல் செல்லில், குளுக்கோஸைக் கோத்த சேமிப்புப் பொருளான கிளைக்கோஜனாக இருப்பதையெல்லாம் தனித்தனிக் குளுக்கோஸாக அவிழ்த்துவிட்டால் அதன் செறிவு 0.4 மோலார் ஆகும். இரத்தத்தில் இருப்பதோ 0.005 மோலார். நீர் உள்ளே பாய்ந்து செல் வெடித்துவிடும். ஆயிரக்கணக்கான குளுக்கோஸைக் கோத்து ஒரே மூலக்கூறாக்கினால் நீர் இழுக்கும் வலிமை ஏறக்குறைய மறைந்துபோகிறது. பசுங்கணிகத்துக்குள் ஸ்டார்ச் ஒரு மணியாக, கரையாமல், யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடக்கிறது.

வீணாகிறதா என்றால், ஆம், வீணாகிறது. சர்க்கரை செய்யும் கால்வின் சுழற்சியில் ஒரு குளுக்கோஸ் அளவுக்கு 18 ஏடிபியும், ஒளி வினை தரும் எலக்ட்ரான் சுமப்பியான என்ஏடிபிஹெச் 12ம் செலவாகின்றன. ஒரு என்ஏடிபிஹெச்சை 2.5 ஏடிபியாக மதிப்பிட்டால் மொத்தச் செலவு 48. திரும்பக் கிடைப்பது 30 முதல் 32. தோராயக் கணக்குத்தான் என்றாலும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. இரவைக் கடப்பதற்கும், வேருக்கு அனுப்புவதற்கும், அடுத்த தலைமுறைக்கு விதையில் கட்டிக் கொடுப்பதற்கும் செடி கொடுக்கும் விலை அது. அதிகமான விலை என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கே எதைச் சேமிப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. மரவள்ளியும் சேனையும் மண்ணுக்குள் இருந்த இடத்திலேயே இருப்பவை; அவற்றுக்கு ஸ்டார்ச்சின் எடை ஒரு சுமையன்று. எள்ளும் நிலக்கடலையும் விதையின் சிறிய ஓட்டுக்குள் நாற்று பச்சை பிடிக்கும்வரை வேண்டியதை அடைக்க வேண்டும், அங்கே எண்ணெய். ஒரு கிராம் ஸ்டார்ச்சில் 4 கிலோகலோரி என்றால் எண்ணெயில் 9.

கடைசியாக ஒரு சோதனை. அதே செம்பருத்தியில் மாலை ஆறு மணிக்கு ஓர் இலையும், மறுநாள் விடிவதற்குச் சற்று முன்பு ஓர் இலையும் பறித்து இரண்டையும் அயோடினில் பாருங்கள். அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இதை மிக நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். பகலில் சேர்த்த ஸ்டார்ச்சை அது இரவு முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராகச் செலவிட்டு, விடியும் நேரத்தில் கிட்டத்தட்டத் தீர்த்துவிடுகிறது. வழக்கத்தைவிட முன்னதாக இருட்டிவிட்டால், கையில் இருப்பது விடியும்வரை வரும்படி செலவின் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. தன் உள்கடிகாரத்தைக் கொண்டு அது இதைச் செய்கிறது.


நாடித்துடிப்பு:

ஓய்வுபெற்ற மருத்துவன் நான். இந்த உரையாடலை மிகுந்த மகிழ்ச்சியோடு படித்தேன். மட்ட வேறுபாடு குலைந்தால் என்ன ஆகும் என்பதை நேரில் கண்டவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மரவள்ளியைப் பற்றி வைகறை அவர்கள் எழுதியதும் என் நினைவுக்கு வந்தது, பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் இரவுப் பணியின்போது கொண்டுவரப்பட்ட ஒரு சிறுவன். கசப்பு மரவள்ளியைச் சரியாக வேகாமல் தின்றிருந்தான். அதில் உள்ள லினமாரின் என்ற பொருள் உடைந்து சயனைடு வெளிப்படுகிறது. மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அவனுக்குச் சிரையிலிருந்து எடுத்த இரத்தம், தமனி இரத்தத்தைப் போலச் செக்கச்செவேலென்று இருந்தது. இரத்தத்தில் ஆக்சிஜனுக்குக் குறைவில்லை. அதை வாங்கிக்கொள்ளத்தான் செல்களால் முடியவில்லை. எலக்ட்ரான் சங்கிலியின் கடைசிக் கண்ணியில், ஆக்சிஜன் வந்து சேரவேண்டிய இடத்தில், சயனைடு உட்கார்ந்துகொள்கிறது. எலக்ட்ரான்கள் நகராவிட்டால் புரோட்டான்கள் ஏறா. புரோட்டான்கள் ஏறாவிட்டால் நொதி சுழலாது. மருந்து கொடுத்து அவன் பிழைத்துக்கொண்டான். கிழங்கை நறுக்கி ஊறவைத்து, மூடாத பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து நீரைக் கொட்டிவிட வேண்டும் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லிவந்ததன் பொருளை அன்றைக்குத்தான் முழுமையாக உணர்ந்தேன்.

இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. 1930களில் அமெரிக்காவில் உடல் மெலிவதற்காக டைநைட்ரோபீனால் என்ற மருந்தை விற்றார்கள். அது புரோட்டான்களை நொதியின் வழியே விடாமல் சவ்வின் குறுக்கே கடத்திக்கொண்டு போய்விடும். சங்கிலி முழு வேகத்தில் ஓடும், கொழுப்பு எரியும், ஏடிபி மட்டும் வராது, அவ்வளவும் வெப்பமாகிவிடும். சிலர் உடல் கொதித்தே இறந்தார்கள். 1938இல் அதற்குத் தடை வந்தது. இதே கசிவைப் பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்பு அளவறிந்து செய்து உடலைக் கதகதப்பாக வைத்துக்கொள்கிறது.

பிணைப்பு பற்றிய கேள்விக்குத் தசையிலும் ஒரு விடை இருக்கிறது. இறந்தபின் சில மணி நேரத்தில் உடல் விறைத்துப்போவதை எல்லோரும் அறிவோம். ஏடிபி தீர்ந்துவிட்டால் தசை தளர்ந்து தொங்கும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? ஆனால் இறுகிவிடுகிறது. மயோசின் என்ற புரதம் ஆக்டின் இழையைப் பற்றியிருக்கும் பிடியை விடுவிப்பதற்கு, ஏடிபி வந்து மயோசினில் அமர வேண்டும். அமர்ந்தாலே போதும், உடைய வேண்டியதில்லை, பிடி தளர்ந்துவிடுகிறது. உடைவது அதற்குப் பிறகு. அந்தப் பாஸ்பேட் வெளியேறுவதோடு சேர்ந்தே மயோசின் இழையை இழுக்கிறது. ஆகவே, பிணைப்பு உடையும் அந்தக் கணத்தில் வெடிபோல ஆற்றல் பீறிடுகிறது என்ற படம் தசைக்கும் பொருந்தாது.

மாணவர்களிடம் ஒரு பெயரைச் சொல்லுங்கள் என்று ஆசிரியை அவர்களை வேண்டிக்கொள்கிறேன். ஏடிபியை 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும், அவரைச் சாராமல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகடா சுப்பாராவும் கண்டறிந்தார்கள். 1895இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். பாஸ்பேட்டின் அளவை ஒரு நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளக்கும் முறையை அவர்கள் இருவரும் 1925இல் வெளியிட்டார்கள். என் காலத்து ஆய்வகங்களில் அந்த முறையில்தான் இரத்தத்தின் பாஸ்பேட்டை அளந்தோம். குழாயில் அந்த நீலம் படிப்படியாக ஏறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பாஸ்பேட்டை நம்பகமாக அளக்க முடிந்ததால்தான், தசைச் சாற்றில் அது எந்தெந்த மூலக்கூறில் ஒட்டியிருக்கிறது என்று அவர்களால் தேட முடிந்தது.


வைகறை:

மருத்துவர் ஐயா சொன்ன வெப்பக் கசிவைப் பற்றி ஒரு சிறு சேர்க்கை. தாமரைப் பூ இதையே வேறொரு வழியில் செய்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் அளந்து, 1996இல் வெளியிட்டார்கள்: சுற்றுப்புற வெப்பநிலை 10 டிகிரிக்கு இறங்கினாலும், மலரும் நாள்களில் பூவின் உள்ளே 30 முதல் 36 டிகிரிக்குள்ளேயே இருக்கிறது. அங்கே எலக்ட்ரான்கள், புரோட்டான் தள்ளும் கண்ணிகளைத் தவிர்த்துவிட்டு ஒரு மாற்று நொதி வழியே நேராக ஆக்சிஜனை அடைகின்றன. அணையில் தேக்காமல் மதகைத் திறந்துவிடுவது போன்றது. அந்தக் கதகதப்பை நாடி வண்டுகள் இரவு முழுவதும் பூவுக்குள் தங்குகின்றன.


செங்கொன்றை:

சோதனையைச் செய்துவிட்டோம். பள்ளிக்கு அருகில் குடியிருப்பதால் அந்த மாணவியே மாலை ஆறு மணிக்கும், மறுநாள் அதிகாலை ஐந்தரை மணிக்கும் இலை பறித்து, பறித்தவுடன் கொதிநீரில் முக்கி எடுத்து வந்தாள். செம்பருத்தி இலையின் வழவழப்பால் ஆல்கஹாலில் சற்றுக் கூடுதல் நேரம் வைக்க வேண்டியிருந்தது. மாலை இலை கறுத்துப்போனது. அதிகாலை இலை அயோடினின் பழுப்பு நிறத்திலேயே நின்றது. ஓரிடத்தில் மட்டும், நடுநரம்பை ஒட்டி, மெல்லிய சாம்பல் நிறம் தெரிந்தது. இரண்டையும் ஒரே வெள்ளைத் தட்டில் அருகருகே வைத்து வகுப்பு முழுவதும் பார்த்தோம்.

என் குறிப்பில் "உயர் ஆற்றல் பிணைப்பு" என்பதை அடித்துவிட்டுக் கீழ்க்கண்டவாறு எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

"செல், இருபாஸ்பேட்டைவிட ஏடிபியின் அளவைச் சமநிலைக்கு மிக மேலே எப்போதும் உயர்த்தி வைத்திருக்கிறது. ஏடிபி நீருடன் வினைபுரிந்து இருபாஸ்பேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாறும்போது, உடையும் பிணைப்புகளுக்குச் செலவாவதைவிட உருவாகும் பிணைப்புகளிலிருந்தும் மற்ற மாற்றங்களிலிருந்தும் கிடைப்பது அதிகம். அந்த மிச்சத்தைக் கொண்டு செல் தன் வேலைகளைச் செய்கிறது."


கரிசல்மண்:

அம்மா, முதல் வாக்கியமும் மூன்றாவதும் அப்படியே இருக்கலாம். இரண்டாவதில் "நீருடன் வினைபுரிந்து இருபாஸ்பேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாறும்போது" என்பதை மட்டும், "தன் கடைசிப் பாஸ்பேட்டை நீருக்கோ வேறொரு மூலக்கூறுக்கோ கொடுத்து இருபாஸ்பேட்டாக மாறும்போது" என்று விரித்து எழுதுங்கள். தசையில் மயோசின் அதை நீருக்குத்தான் கொடுக்கிறது. ஹெக்சோகைனேஸ் குளுக்கோஸுக்குக் கொடுக்கிறது. நீரை மட்டும் குறிப்பிட்டால், குளுக்கோஸைப் பிளக்கும் கிளைக்காலிசிஸின் முதல் படியைப் படிக்கும் அன்றைக்கே அந்தப் பெண் மறுபடியும் எழுந்து நிற்பாள்.